சேர்வராயன் மலையில் வண்டி போகாத சில மண் தடங்கள் வேண்டும்

மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், சேலம் வனக் கோட்டத்தாருக்கும், சுற்றுலாத் துறைக்கும், ஏற்காடு ஒன்றியத்து ஊராட்சிகளுக்கும்,

வணக்கம். சேலத்தில் சைக்கிள் ஓட்டுகிற ஒருவன் எழுதுகிறேன். போட்டிக்கு ஓட்டுகிறவன் இல்லை. விடியற்காலையில் அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் போய், மலையேறி, மேலே ஒரு டீ குடித்துவிட்டு வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்புகிற கூட்டம் ஒன்று இந்த ஊரில் இருக்கிறது, அதில் நானும் ஒருவன். கேட்க வந்தது ஒரே விஷயம்தான். ஏற்காட்டு மேட்டுநிலத்திலும் அதன் சரிவுகளிலும் பழைய மண் தடங்கள் நிறைய கிடக்கின்றன. ஊருக்குத் தார் ரோடு வேறு வழியாக வந்துவிட்டதால் இப்போது வண்டிக்குத் தேவைப்படாத தடங்கள் அவற்றில் உண்டு. அப்படிப்பட்ட சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, தார் போடாமல், சிமெண்ட் போடாமல், மோட்டார் வண்டியை விடாமல், நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஆடுமாட்டுக்கும் என்று ஒதுக்கிக் கொடுங்கள்.

அவ்வளவுதான் கோரிக்கை. ஏன் கேட்கிறேன், எப்படிச் செய்யலாம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். சேலம் ஊர் 280 மீட்டர் உயரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரைத் தொடுகிறது. 1,200 மீட்டருக்கு மேல் ஏற்றம் என்பது உலகத்தில் எந்த ஊர் சைக்கிள்காரரும் வாயைப் பிளக்கிற ஏற்றம், அது நமக்கு வீட்டு வாசலில் கிடைத்திருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு மேல் அந்த ரோட்டில் சைக்கிள் ஓட்டிப் பாருங்கள். ஏறுகிறவன் மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பான். வளைவில் பஸ் திரும்ப ரோட்டின் முழு அகலமும் வேண்டும். பின்னால் வருகிற கார்காரருக்குப் பொறுமை இருக்காது, முன்னால் இறங்கி வருகிற பைக் நடுக்கோட்டைத் தாண்டித்தான் வளையும். குப்பனூர் வழி கொஞ்சம் அமைதி என்று பல பேர் அந்தப் பக்கம் ஏறுகிறார்கள், ஆனால் பெரிய மழையில் அடிவாரப் பாதையில் மண் சரிந்தால் மொத்த வண்டியும் அந்த வழிக்குத்தான் வந்து நிற்கிறது.

மேலே போய்விட்டால் 32 கிலோமீட்டர் சுற்றுப் பாதை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அருமையான பாதை. இருபக்கமும் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் நிழல், மரத்தில் ஏறிய மிளகுக் கொடி. அதையும் இப்போது எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். விடுமுறை நாளில் ஒண்டிக்கடை ரவுண்டானாவில் நிற்கிற நெரிசல், கொஞ்ச நேரத்தில் அந்தச் சுற்றுப் பாதைக்குள்ளும் வந்துவிடுகிறது. வருகிறவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கும் ஊர் பார்க்க ஆசை இருக்கும். கார் போகிற பாதை கார் போகட்டும், கார் போகாத பாதை என்று ஒன்றாவது இந்த மலையில் இருக்கட்டும் என்கிறேன்.

கடந்த பத்துப் பதினைந்து வருஷத்தில் உலகம் முழுக்க ஒரு வகை சைக்கிள் பரவியிருக்கிறது. கிராவல் பைக் என்பார்கள். பார்க்க ரேஸ் சைக்கிள் மாதிரிதான், ஹேண்டில் வளைந்திருக்கும். ஆனால் டயர் அகலம், 40 மில்லிமீட்டர், அதற்கு மேலும் போகும். காற்றை ரொம்பக் குறைத்து வைத்து ஓட்டலாம், அப்போதுதான் சரளைக்கல்லைப் பிடித்துக்கொண்டு போகும். கியர் இலகுவாக இருப்பதால் செங்குத்தான மண் ஏற்றத்திலும் உட்கார்ந்தே மிதிக்க முடியும். இந்த சைக்கிள் வந்ததற்குக் காரணமே, தார் ரோட்டில் வண்டிகளோடு மல்லுக்கட்டி அலுத்துப்போனவர்கள் மண் ரோடு தேடிப் போனதுதான். அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற சின்ன ஊர். அதைச் சுற்றியிருக்கிற புல்வெளிக் குன்றுகளில் சரளை ரோட்டில் 200 மைல் ஓட்டும் பந்தயம் 2006-ல் தொடங்கியது. இன்றைக்கு அதற்காக உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் அந்த ஊருக்குப் போகிறார்கள். அந்த ஊரில் கடலும் இல்லை, அருவியும் இல்லை, சரளை ரோடு இருக்கிறது.

இதைவிட நமக்கு நெருக்கமான உதாரணம் இத்தாலியில் இருக்கிறது. டஸ்கனி என்ற பகுதியில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வெள்ளைச் சரளை போட்ட பழைய கிராமத்து ரோடுகள், குன்றில் ஏறி இறங்கிப் போகும். ஒவ்வொன்றாகத் தார் போட்டு மூடிக்கொண்டே வந்தார்கள். ஜான்கார்லோ ப்ரோச்சி என்பவர் இந்த ரோடுகளைக் காப்பாற்ற வேண்டும் என்று 1997-ல் ஒரு சைக்கிள் பயணத்தைத் தொடங்கினார், லெரோய்கா என்று பெயர். பழைய சைக்கிள், பழைய உடுப்பு, அதே மண் ரோடு. பத்து வருஷம் கழித்து, 2007-ல், உலகத்தின் பெரிய வீரர்கள் ஓட்டும் ஸ்ட்ராடே பியாங்கே பந்தயமும் அதே ரோடுகளில் தொடங்கியது. இன்று 200 கிலோமீட்டருக்கு மேல் வழிப்பலகை வைத்து, வருஷம் முழுக்க யாரும் ஓட்டலாம் என்று ஒரு நிரந்தரப் பாதை அங்கே இருக்கிறது. தார் போடாமல் விட்டதால் அந்த ஊர்கள் ஏழையாகிவிடவில்லை, மண் ரோட்டுக்காகவே ஆள் வந்து தங்குகிறார்கள், சாப்பிடுகிறார்கள். அங்கே திராட்சைத் தோட்டம், இங்கே காப்பித் தோட்டம். குன்று அதே குன்று.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்த மடலையே தப்பாகப் படிப்பார்கள்.

மலையில் இருக்கிற ஊர்களுக்குத் தார் ரோடு வேண்டும். கட்டாயம் வேண்டும். பிரசவ வலி வந்த பெண்ணையும் பாம்பு கடித்தவரையும் தொட்டில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கிய கதை நம் மாவட்டத்து மலைக் கிராமங்களில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார். ரோடு கேட்டு மனு கொடுத்தே தலைமுறை போன ஊர்கள் உண்டு. 108 வண்டி வீட்டு வாசல் வரை வர வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளைக்கு மினி பஸ் வர வேண்டும், காப்பிக் கொட்டையும் பலாப்பழமும் மழைக்காலத்திலும் கீழே இறங்க வேண்டும். டவுனில் இருந்து வாரம் ஒருமுறை வருகிற சைக்கிள்காரனின் சந்தோஷத்துக்காக அந்த ஊர் சேற்றில் கிடக்கட்டும் என்று சொல்கிற எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. யாராவது அப்படிச் சொன்னால் முதலில் எதிர்ப்பது நானாகத்தான் இருக்கும்.

நான் பேசுவது வேறு தடங்களைப் பற்றி. நாகலூர், மஞ்சக்குட்டை, கொட்டச்சேடு, மாரமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும், தார் ரோட்டிலிருந்து இறங்கினால் ஏதாவது ஒரு பழைய தடம் தோட்டத்து ஓரமாகப் போகும். முன்னே மாட்டு வண்டியும் பொதிக் குதிரையும் போன தடமாக இருக்கும், இல்லை தோட்டத்து ஜீப் போன தடமாக இருக்கும், இல்லை கோயிலுக்கு நடந்த வழியாக இருக்கும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார் என்பார்கள். அதற்கும் முன்னாலிருந்தே மலைவாழ் மக்கள் ஊருக்கு ஊர் நடந்த வழிகள் இவை. இப்போது புதர் மண்டிக் கிடப்பது பாதி, மழை அரித்துப் பள்ளமானது மீதி. இவற்றில் எதை எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதை அந்தந்த ஊர்க்காரர்தான் சொல்ல வேண்டும். கிராம சபையில் வைத்துக் கேளுங்கள். வேண்டாம் என்று சபை சொன்னால் அந்தத் தடத்தை விட்டுவிடலாம்.

தோட்டத்து உள்வழிகள் தனியார் நிலம், அதில் எப்படி என்று கேட்கலாம். இங்கிலாந்தில் குதிரை போகும் பழைய பாதைகள் நாடு முழுக்க உண்டு, அவை பெரும்பாலும் தனியார் நிலத்தின் குறுக்கே போகிறவை. 1968-ல் ஒரு சட்டத்தின் மூலம் அந்தப் பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமையும் கொடுத்தார்கள். ஒரே நிபந்தனை, நடக்கிறவருக்கும் குதிரையில் வருகிறவருக்கும் சைக்கிள் வழிவிட வேண்டும். நமக்கு அவ்வளவு பெரிய சட்டம்கூட வேண்டாம். சில தோட்டக்காரர்களை அழைத்துப் பேசி, காப்பி பறிக்கிற மாதங்கள் நீங்கலாகக் காலை ஆறிலிருந்து பத்துவரை இந்த ஒரு வழியில் சைக்கிளை விடுகிறோம் என்று எழுதி வாங்கினாலே தொடங்கிவிடலாம். பழத்தைப் பறித்தால், செடியை மிதித்தால், குப்பை போட்டால் அனுமதி ரத்து. நியாயமான பேச்சு இது.

சரி, ஒதுக்கியாயிற்று. அப்புறம் பராமரிப்பு? இதில்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் மண் ரோடு என்றால் அப்படியே போட்டுவிட வேண்டியது என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

மண் தடத்துக்கு எதிரி தண்ணீர். வடகிழக்குப் பருவமழை ஒன்று அடித்து ஓய்ந்ததும் சரிவான ஒரு தடத்தில் போய்ப் பாருங்கள். சக்கரம் போய்ப் போய்ப் பதிந்த இரண்டு பள்ளமும் வாய்க்காலாக மாறியிருக்கும். மேலே இருந்த செம்மண் கரைந்து போய், அடியில் இருந்த சரளை எல்லாம் கழண்டு கீழே ஒரு திருப்பத்தில் குவிந்து கிடக்கும். அதற்கும் அடியில் பாறை முண்டு முண்டாக எட்டிப் பார்க்கும். அந்தக் குவியலில் முன்சக்கரம் இறங்கினால் ஹேண்டில் நம் பேச்சைக் கேட்காது. இதற்கு வைத்தியம் பெரிய செலவு இல்லை. தடம் நடுவில் கொஞ்சம் உயர்ந்தோ, பள்ளத்தாக்குப் பக்கம் லேசாகச் சாய்ந்தோ இருக்க வேண்டும். மேட்டுப் பக்கம் ஓரவாய்க்கால் வேண்டும். சரிவில் கொஞ்ச தூரத்துக்கு ஒன்றாக, தடத்தின் குறுக்கே சாய்வாக ஒரு சின்ன மண் திட்டும் அதை ஒட்டி ஒரு சாலும் போட்டால், ஓடிவருகிற தண்ணீர் வேகம் பிடிப்பதற்கு முன்னாலேயே ஓரமாக வெளியேறிவிடும். ரொம்பச் செங்குத்தான இடங்களில் மட்டும் கல் பாவலாம். மண்வெட்டியும் கடப்பாரையும் போதும், நூறு நாள் வேலையில் மண்ணும் நீரும் சேர்ந்த இந்த மாதிரி வேலையைத்தானே இத்தனை வருஷம் செய்திருக்கிறார்கள். மழைக்கு முன்னால் ஒருமுறை, மழைக்குப் பின்னால் ஒருமுறை வாய்க்காலைத் தோண்டிவிட்டால் தடம் நிற்கும்.

வழிப்பலகையை அலங்கார வளைவோடு வைக்க வேண்டாம், தயவுசெய்து. அரை கிலோமீட்டருக்கு ஒரு கல், அதில் தடத்தின் பெயரும் ஒரு எண்ணும், போதும். மலையில் பல இடத்தில் போன் சிக்னல் கிடைக்காது, கிடைக்கிற இடத்திலிருந்து 108-ஐக் கூப்பிட்டால் எங்கே விழுந்தார் என்று சொல்லத் தெரியாது. நாகலூர்த் தடம், 7-ஆம் கல் என்று சொல்ல முடிந்தால் ஒரு உயிர் பிழைக்கும்.

மோட்டார் வண்டியை எப்படி நிறுத்துவது? தடத்தின் இரண்டு முனையிலும் ஒரு மீட்டர் இடைவெளி விட்டு இரண்டு கல்தூண் நட்டால் காரும் ஜீப்பும் நுழையாது, சைக்கிள் நுழையும், மாடு நுழையும், விறகுச் சுமையோடு வருகிற அம்மாவும் நுழைவார். தூண்களில் ஒன்று கழற்றக்கூடியதாக இருந்து, சாவி வனக் காவலரிடமும் ஊர்த் தலைவரிடமும் இருந்தால் தீ அணைக்கிற வண்டி உள்ளே போகலாம். மோட்டார் பைக்கை மட்டும் கல்லால் நிறுத்த முடியாது, அதற்கு ஆள்தான் வேண்டும். ஊரிலிருந்தே ஒருவருக்கு அந்த வேலையைக் கொடுங்கள். சனி, ஞாயிறு காலையில் தடத்து முனையில் உட்கார்ந்து பெயர் எழுதி, சின்னக் கட்டணம் வாங்கி, சீட்டுக் கொடுக்கட்டும். அந்தப் பணம் அந்த ஊரின் கணக்கிலேயே சேரட்டும், சேலத்துக்கோ சென்னைக்கோ போய்விட்டுத் திரும்பி வரக் காத்திருக்க வேண்டாம்.

இதெல்லாம் புதுசு இல்லை. மலையேற்றத்துக்கு அரசே 2024 அக்டோபரில் தமிழ்நாடு முழுக்க 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், உள்ளூர் மலைவாழ் இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள், வனத்துறை நடத்துகிறது. சேலம் மாவட்டமும் அந்தப் பட்டியலில் உண்டு. காலால் நடக்கிறவர்களுக்குச் செய்த அதே ஏற்பாட்டை இரண்டு சக்கரத்துக்கும் நீட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்ததே, அது வண்டி தாங்க முடியாமல் போன பிறகு வந்த ஏற்பாடு. ஏற்காடு அந்த நிலைக்குப் போவதற்கு முன்னால், வண்டியை அடிவாரத்தில் விட்டுவிட்டும் இந்த மலையைப் பார்க்கலாம் என்ற ஒரு வழியைத் திறந்து வைக்கலாமே.

காட்டைப் பற்றிய கவலை உங்களுக்கு இருக்கும், எங்களுக்கும் இருக்கிறது. குரங்கணியில் 2018 மார்ச்சில் நடந்த தீயை யாரும் மறக்கவில்லை, அதனால் கோடைத் தீக் காலத்தில் தடங்களை மூடிவிடுங்கள், ஒருவரும் முணுமுணுக்க மாட்டோம். சாயங்காலம் ஐந்துக்கு மேல் உள்ளே யாரும் இருக்கக் கூடாது. காட்டுமாடு நடமாடுகிற மலை இது. விடியலில் வளைவு திரும்பினால் நடுத்தடத்தில் நிற்கும். சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது, இது ஒரு பக்கம் நல்லது, இன்னொரு பக்கம் ஆபத்து, திடீரென்று கிட்டே போனால் அது மிரளும். கண்ணில் பட்டதுமே இறங்கி நின்று, அது தானாகப் போகும்வரை காத்திருக்க வேண்டும். செல்பி எடுக்கக் கிட்டே போகிறவரை அடுத்த வாரம் உள்ளே விடாதீர்கள். ஆடு மேய்க்கிறவர் எதிரே வந்தாலும் இதே மரியாதைதான். பக்கத்தில் வந்து மணி அடித்தால் ஆடு சிதறும், தூரத்திலேயே ஒருமுறை அடித்துவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒருத்தர் மந்தையைச் சேர்க்க அரை நாள் அலைவதற்கு நம் வேகம் காரணமாகக் கூடாது. காப்புக்காட்டுக்குள் புதிதாக ஒரு அடிகூட வெட்ட வேண்டாம், இருக்கிற தடம் போதும். டவுன்ஹில் என்று சரிவைச் செதுக்கிக் குதிப்புமேடு கட்டுகிற விளையாட்டு உண்டு, அது இந்த மலைக்கு ஆகாது என்பது என் கருத்து. சைக்கிள்கார நண்பர்களில் சிலருக்கு இது பிடிக்காமல் இருக்கலாம்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. இந்தத் தடங்களால் யாருக்குப் பயன் என்று கேட்டால், 80,000 ரூபாய்க்கு சைக்கிள் வாங்கியவர்களுக்கு மட்டும்தான் என்று சொல்லி முடித்துவிடுவார்கள் சிலர். பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்கிறது. கியர் இல்லாத, கனமான, ஆனால் உறுதியான சைக்கிள். மலைமேல் ஊர்களில் அந்தச் சைக்கிள் பல வீட்டுத் திண்ணையில் சாய்ந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் தார் ரோட்டில் டூரிஸ்ட் வண்டிகளுக்கு நடுவே பெண்பிள்ளையை அனுப்ப வீட்டில் பயம். மேட்டுநிலத்தின் மேல் ஊருக்கு ஊர் இருக்கிற ஏற்ற இறக்கம் அப்படியொன்றும் மிரட்டுவதில்லை, இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினால் போய்விடலாம். ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே வண்டி வராத ஒரு தடம் சீராகக் கிடந்தால் அந்தப் பிள்ளை அதில்தான் போகும். முதலில் எந்தத் தடத்தை எடுப்பது என்று கேட்டால், வழியில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிற தடத்தை எடுங்கள் என்பேன். நாங்கள் அதில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக்கொள்கிறோம்.

பள்ளிக்கு மட்டும் இல்லை, அந்த ஊரில் ஒரு டீக்கடை, ஒரு சாப்பாட்டு வீடு, பஞ்சர் ஒட்டத் தெரிந்த ஒரு பையன் என்று கொஞ்சம் கொஞ்சமாக வரும். சைக்கிளில் வருகிறவன் காரில் வருகிறவனைப் போல டிக்கியில் சாப்பாடு கட்டிக்கொண்டு வர முடியாது. பசிக்கும், நிறையவே பசிக்கும், அந்த ஊரில்தான் சாப்பிட வேண்டும்.

எனவே இப்போது செய்ய வேண்டியது இது. வனத்துறையிலிருந்து ஒருவர், நெடுஞ்சாலை அல்லது ஊரக வளர்ச்சித் துறையிலிருந்து ஒருவர், அந்தந்த ஊராட்சியிலிருந்து இரண்டு பேர், சைக்கிள் ஓட்டுகிறவர்களில் இரண்டு பேர் சேர்ந்து தடங்களை நடந்து பார்க்க வேண்டும். ஜீப்பில் போய்ப் பார்த்தால் தெரியாது, நடந்துதான் பார்க்க வேண்டும். எது ஊருக்கு ரோடாக வேண்டியது, எது தடமாகவே இருக்கலாம் என்று பிரித்து எழுதுங்கள். ரோடாக வேண்டியதை முதலில் போட்டுக் கொடுங்கள். மிச்சத்தில் ஒன்றே ஒன்றை எடுத்து அடுத்த கிராம சபையின் பொருள் நிரலில் சேருங்கள். ஒரு மழைக்காலம் அதை நடத்திப் பார்த்துவிட்டு, வாய்க்கால் நின்றதா, ஊருக்குத் தொந்தரவு வந்ததா என்று சபையையே மறுபடி கேட்டுவிட்டு இரண்டாவதை யோசிக்கலாம்.

வாய்க்கால் தோண்டவும் புதர் வெட்டவும் ஆள் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் வருகிறோம். மண்வெட்டி எங்கள் கையிலேயே இருக்கும். எந்த ஊர், எந்தத் தடம், எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சேலத்திலிருந்து மலையேறும் ஒரு சைக்கிள்காரன்